குடிமைப்பணித் தேர்வுப் படிப்பும் கவனச் சிதறலும்: செட்டிநாட்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், திருப்பத்தூர் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வீட்டிலிருந்தே யு.பி.எஸ்.சி. (மத்தியத் தேர்வாணையம்), டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாட்டுத் தேர்வாணையம்) தேர்வுகளுக்குப் படிப்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பாடங்களை எப்படிப் படிப்பது என்பது இதில் இடம்பெறவில்லை. படிப்பதற்கென்று ஒதுக்கிய நேரம் எங்கே போகிறது, அதை எப்படிக் காப்பது என்பது மட்டுமே இதன் பொருள்.

நாள் முழுவதும் புத்தகத்தோடுதான் இருக்கிறேன். ஆனாலும் மாலையில் பார்த்தால் எதுவும் மனத்தில் நிற்பதில்லை. என்ன செய்வது?

அன்று காலை என்ன எழுதி வைத்துக்கொண்டு படிக்க அமர்ந்தீர்கள் என்பதை முதலில் பாருங்கள். "இன்று பொருளாதாரம்" என்று மட்டும் எழுதியிருந்தால், அது ஒரு பாடத்தின் பெயரே தவிர, முடிக்கக்கூடிய வேலை அன்று. எப்போது முடியும் என்று தெரியாத வேலையிலிருந்து மனம் விலகி ஓடுவது இயல்பு. அப்போது செல்பேசி இல்லாவிட்டால் செய்தித்தாளும், செய்தித்தாள் இல்லாவிட்டால் வாசலில் போகும் வண்டிச் சத்தமும் அதற்குப் போதும். "பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த ரிசர்வ் வங்கியின் கையில் இருக்கும் வழிகளைப் புத்தகத்தைப் பார்க்காமல் 250 சொற்களில் எழுத வேண்டும்" என்று எழுதிக்கொண்டு அமர்ந்தால், முடிந்ததா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இன்று எதை முடிக்கப் போகிறோம் என்று தெரியாதவருக்குச் சுற்றியிருக்கும் எல்லாமே கவனச் சிதறல்தான் என்பது பல மாணவர்களைப் பார்த்தபின் நான் உறுதியாக நம்பும் ஒன்று.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரே பக்கத்தை மூன்று முறை படிக்கும்போது அது பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஆனால் படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் அவர்களைத் தெளிவாக முந்திவிட்டார்கள். பார்க்காமல் எழுதும்போது கண் மட்டும் வரிகளின்மேல் ஓட, மனம் வேறெங்கோ இருப்பது முடியாத காரியம். ஆகவே நினைவில் நிறுத்துவதற்கும் கவனத்தைப் பிடித்து வைப்பதற்கும் இந்த ஒரே பழக்கம் உதவுகிறது.

செல்பேசியை முழுவதுமாக விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை, பெரும்பாலோரால் முடியவும் முடியாது. விண்ணப்பத்துக்கான ஓ.டி.பி., இணைய வகுப்பு, மாதிரித் தேர்வின் முடிவு, வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் அண்ணனின் அழைப்பு என எல்லாம் அதில்தான் வருகின்றன. கேள்வி செல்பேசி வேண்டுமா வேண்டாமா என்பதன்று. படிக்கும் நேரத்தில் அது எந்த அறையில் இருக்க வேண்டும் என்பதுதான்.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், செல்பேசியை மேசைமேல் வைத்தவர்களைவிட வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். செல்பேசி ஒலி எழுப்பாமல் கவிழ்ந்து கிடந்தபோதும் அந்த வேறுபாடு தெரிந்தது. பின்னர் நடந்த சில ஆய்வுகளில் அதே அளவு விளைவு தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஆய்வு எப்படியிருந்தாலும், எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டிய பொருளைக் கை தானாகத் தேடாது என்பது யாரும் ஒரே நாளில் சோதித்துப் பார்க்கக்கூடிய உண்மை. அதனால் செல்பேசியை அடுப்படியிலோ முகப்பிலோ அம்மாவின் பொறுப்பில் வைத்துவிடுங்கள். அவசர அழைப்பு வந்தால் அவர் எடுத்துப் பேசட்டும். மணி பார்க்கச் சுவர்க்கடிகாரமோ கைக்கடிகாரமோ வைத்துக்கொள்ளுங்கள். மணி பார்க்க எடுத்த செல்பேசி அரை மணி நேரம் கழித்துத்தான் கீழே இறங்குகிறது என்று சொல்லாத மாணவர் இல்லை.

வகுப்புக் காணொளி பார்ப்பதற்கு ஒரு நேரம், செய்திகளுக்குப் பதில் சொல்வதற்கு ஒரு நேரம் என்று பிரித்துக்கொண்டால், இரண்டும் ஒன்றை ஒன்று தின்னாது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முந்தைய வேலையின் மிச்சம் மனத்தில் தங்கிப் புதிய வேலையைப் பாதிக்கிறது என்பதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். குழுவில் வந்த ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு மீண்டும் அரசியலமைப்புச் சட்டத்துக்குத் திரும்பும்போது, அந்தச் செய்தியும் கூடவே வந்து பக்கத்தில் அமர்ந்துகொள்கிறது.

டெலிகிராம் குழுக்களும் யூடியூப் வகுப்புகளும் படிப்புக்கு உதவுகின்றனவே, அவற்றையும் கவனச் சிதறல் என்று சொல்லலாமா?

சொல்லலாம். இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். திரைப்படம் பார்ப்பவருக்குத் தாம் படிக்கவில்லை என்பது தெரியும், மனம் உறுத்தும், ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுவார். ஆனால் "கடந்த ஆண்டு வெற்றியாளரின் அட்டவணை", "இந்த முறை கட் ஆஃப் எவ்வளவு", "கட்டாயம் வரப்போகும் நூறு கேள்விகள்" என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உறுத்தல் இல்லை. தேர்வைப் பற்றிப் பேசுவதும் கேட்பதும் தேர்வுக்குப் படிப்பதாகவே அவருக்குத் தோன்றுகிறது. மாலையில் தலை வலிக்கிறது, களைப்பும் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம்கூட எழுதப்பட்டிருக்காது.

பிடிஎஃப் சேகரிப்பும் இப்படித்தான். ஒரே பாடத்துக்கு ஐந்து பயிற்சி மையங்களின் நோட்ஸை இறக்கி வைத்திருப்பவர், எதைப் படிப்பது என்று ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவே அவருடைய காலைப் பொழுதை எடுத்துக்கொள்கிறது. ஒரு பாடத்துக்கு ஒரு நூல், அதில் இல்லாததை அதன் ஓரத்திலேயே குறித்துக்கொள்வது, நடப்பு நிகழ்வுகளுக்கு ஒரு நாளிதழ், ஒரு மாத இதழ் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். டி.என்.பி.எஸ்.சி. எழுதுபவர்களுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான தமிழ்நாட்டுப் பாடநூல்களே முதல் நூல்கள். அவற்றை ஒரு முறைகூட முழுதாகப் படித்து முடிக்காமல் பிறருடைய சுருக்கங்களைத் தேடி அலைவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

எது படிப்பு, எது படிப்பின் வேடம் என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. அந்த ஒரு மணி நேரத்தின் முடிவில் உங்கள் கையெழுத்தில் ஏதாவது தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல்நிலையில் தேறியவர்கள் எழுதும் யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வின் முதல் மூன்று பொது அறிவுத் தாள்கள் ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரத்தில் 20 கேள்விகளுக்குக் கையால் எழுத வேண்டும். ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்பது நிமிடம்தான் கிடைக்கும். கேட்டுக்கொண்டே இருந்தவரின் கை அந்த வேகத்துக்கு ஒருபோதும் பழகாது.

எங்கள் பக்கத்தில் விசேஷங்களுக்குக் குறைவே இல்லை. எதற்குப் போவது, எதை விடுவது?

உண்மைதான். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, சிறாவயல் மஞ்சுவிரட்டு, மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் பால்குடம், குன்றக்குடியில் பங்குனி உத்திரம், கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழா, கம்பன் விழா என்று ஆண்டு நகர்கிறது. இவற்றுக்கு நடுவே பங்காளி வீட்டுப் படைப்பு (முன்னோருக்குப் படையலிடும் வழிபாடு), அறுபதாம் ஆண்டு சாந்தி, திருமணம், கார்த்திகைக்குப் பிறகு பிள்ளையார் நோன்பு ஆகியவையும் வந்துவிடும். போதாததற்குத் தெருவில் எந்த வீட்டிலாவது படப்பிடிப்பு நடந்தால் ஊரே அங்கே நிற்கும்.

இவை எல்லாவற்றையும் துறந்துவிட்டுப் படியுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. விசேஷத்துக்குப் போகாதவர் வீட்டில் அமர்ந்து அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நாளும் போயிற்று, உறவும் போயிற்று. இந்த விசேஷங்களில் பெரும்பாலானவற்றின் தேதி பல வாரங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது என்பதுதான் நமக்கிருக்கும் வசதி. தேர்வு ஆணையத்தின் ஆண்டு அட்டவணையையும் வீட்டுக் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெற்றோரோடு அமர்ந்து, எந்தெந்த நாள் போவது என்று ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வு அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் மாதத்துக்குள் நடந்திருக்கிறது. 2024இல் ஜூன் 16, 2025இல் மே 25. அதாவது சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் குவிந்திருக்கும் காலமே கடைசித் திருப்புதலுக்கான காலமும் ஆகும். அந்த இரண்டு மாதங்களில் உடன்பிறந்தோர் திருமணம் போன்ற விலக்க முடியாதவற்றைத் தவிர மற்றவற்றுக்கு வீட்டிலிருந்து வேறு ஒருவர் போய் மொய் எழுதிவிட்டு வருவது போதும். தை, மாசியில் சற்றுத் தாராளமாக இருக்கலாம்.

போகும் நாளில் முழு மனத்தோடு போய்விட்டு வாருங்கள். பந்தியில் அமர்ந்துகொண்டு கைப்பேசியில் நடப்பு நிகழ்வுகளைப் புரட்டுவது இரண்டு இடத்துக்கும் நேர்மையாகாது.

வீட்டில் எந்த இடத்தில் அமர்ந்து படிப்பது?

பெரிய வீடாக இருந்தால் முகப்பையும் பட்டாலையையும் தவிர்த்துவிடுங்கள். வருவோர் போவோர் எல்லாரும் அங்கேதான் அமர்வார்கள். வணக்கம் சொல்லாமல் இருக்கவும் முடியாது. இரண்டாம் கட்டில் ஓர் அறையோ, காற்று வரும் மாடி அறையோ நல்லது. கோடையில் மாடி தகிக்குமானால், காலையில் மாடி, பிற்பகலில் வளவை (நடுமுற்றப் பகுதியை) ஒட்டிய குளிர்ந்த அறை என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்த நேரத்துக்கு எந்த இடம் என்பது தினமும் மாறக்கூடாது. ஊஞ்சலிலோ பாயிலோ படுத்துக்கொண்டு படிப்பது வேண்டாம். தேர்வுக்கூடத்தில் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார வேண்டும். உடல் அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீடுகள்தான் இங்கும் அதிகம். அவர்களுக்கு அரசுப் பொது நூலகமே சிறந்த இடம். அது திறப்பதற்கு முந்தைய விடியற்காலை நேரம் வீட்டிலும் அமைதியாகவே இருக்கும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அந்த நாளை வீணான நாள் என்று கருதாமல், மின்விசிறி இல்லாத அறையில் முழு நீள மாதிரித் தேர்வு எழுதும் நாளாக வைத்துக்கொள்ளலாம்.

"இன்னும் பாஸ் பண்ணலியா?" என்று உறவினர்கள் கேட்கும்போது இரண்டு நாள் படிப்பு கெட்டுவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

கேட்பவர்களில் பலர் இந்தத் தேர்வு எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை அறியாமல்தான் கேட்கிறார்கள். வணிகத்தில் ஆறு மாதத்தில் கணக்குப் பார்த்துவிடும் குடும்பங்களுக்கு, ஒரு சுற்று முடிவதற்கே ஓராண்டுக்கு மேல் ஆகும் தேர்வு புரியாமல் இருப்பதில் வியப்பில்லை. முதல்நிலை, அதன் முடிவு, முதன்மைத் தேர்வு, அதன் முடிவு, டெல்லியில் நேர்முகம், இறுதிப் பட்டியல் என்ற வரிசையை ஒரு முறை பொறுமையாக வீட்டிலிருப்பவர்களுக்கு விளக்கிவிட்டால், வெளியாருக்கு அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

நேரில் கேட்கும் பெரியவருக்கு ஒரே விடையை எப்போதும் தயாராக வைத்திருங்கள். "தம்பி, இந்த வருஷமாவது முடிஞ்சிருமா?" என்று கேட்டால், "ஆச்சி, அடுத்த பரீட்சை ஆகஸ்ட்டுல இருக்கு. ரிசல்ட் வந்ததும் நானே வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். விவாதம் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். விடை முன்பே முடிவாகியிருந்தால், வீட்டுக்கு வந்தபின் "அப்படிச் சொல்லியிருக்கலாமோ" என்று மனம் ஓடாது.

வீட்டில் மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறேன். புத்தகத்தை எடுத்தாலே ஒரு வேலை வந்துவிடுகிறது. எனக்கும் இதே அறிவுரைதானா?

இல்லை. மேலே சொன்னவை பெரும்பாலும் தன் நேரம் தன் கையில் இருப்பவருக்குப் பொருந்தும். உங்களுடைய நேரத்தைக் கலைப்பது உங்கள் மனம் அன்று. காபி, விருந்தினர், குழந்தை, தண்ணீர் பிடிப்பது, பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி. ஆகவே இந்த விடையை உங்களுக்குச் சொல்வதைவிட உங்கள் வீட்டாருக்குச் சொல்கிறேன். மகன் படிக்கும் அறையின் கதவைத் தட்டத் தயங்குகிறீர்கள். மகள் படிக்கும்போது "அதான் சும்மாதானே உட்கார்ந்திருக்க" என்று அழைக்கிறீர்கள். வினாத்தாள் இருவருக்கும் ஒன்றே. ஒரு நாளில் தொடர்ந்து மூன்று மணி நேரம், யாரும் அழைக்காத மூன்று மணி நேரம், அவருக்குக் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டு வேலையை யார் பார்ப்பது என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். மூன்று மணி நேரம் என்பது ஏதோ ஒரு கணக்கன்று, யு.பி.எஸ்.சி. முதன்மைத் தாளும், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதல்நிலைத் தேர்வும் அவ்வளவு நேரம்தான்.

திருமணப் பேச்சைத் தேர்வு முடியும்வரை தள்ளிவைக்க முடியுமானால் தள்ளிவையுங்கள். முடியாதென்றால், படிப்பு தொடரும் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச்சின் தொடக்கத்திலேயே பெற்றோர் சொல்ல வேண்டும்; அதைப் பெண்ணே பின்னால் கேட்டுப் பெறட்டும் என்று விட்டுவிடக்கூடாது.

மனம் தானாகவே அலைகிறது. வெளியே எந்தத் தொந்தரவும் இல்லை. இதற்கு என்ன வழி?

பக்கத்தில் ஒரு வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு, நினைவுக்கு வரும் வெளி வேலையை ஒரு வரியில் எழுதி, எப்போது செய்வீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் படிப்புக்குத் திரும்புங்கள். முடிக்காத வேலை பற்றிய நினைவு, அதற்கொரு திட்டம் வகுத்தவுடனேயே தணிந்துவிடுகிறது என்று 2011இல் மாசிகாம்ப்போவும் பௌமைஸ்டரும் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. தூக்கம் குறைந்த நாளில் எந்த வழியும் உதவாது. அன்று மட்டும் கூடுதலாகத் தூங்குங்கள். பல வாரங்களாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதைச் சோம்பல் என்று திட்டிக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

யு.பி.எஸ்.சி., குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் படிக்கலாமா?

எல்லா அறிவிப்புக்கும் விண்ணப்பிப்பதும் ஒருவகைக் கவனச் சிதறல்தான் என்பதைப் பலர் உணர்வதில்லை. வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம் ஆகியவை பொதுவாக இருக்கலாம். ஆனால் தேர்வின் இயல்பு வேறு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதல்நிலையில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. யு.பி.எஸ்.சி. முதல்நிலையின் பொது அறிவுத் தாளில் இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள். ஒவ்வொரு தவறான விடைக்கும் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறையும். முதலாவதில் எல்லாக் கேள்விக்கும் விடை குறிக்க வேண்டும். இரண்டாவதில் எதை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். இரு பழக்கங்களையும் ஒரே வாரத்தில் வளர்த்துக்கொள்ள முடியாது.

ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றொன்றை அதன் தேர்வுத் தேதிக்கு முந்தைய சில வாரங்களில் மட்டும் எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. யு.பி.எஸ்.சி.யைப் "பழகிப் பார்க்க" எழுதுவதும் வேண்டாம். முதல்நிலையில் ஒரு தாள் எழுதினாலே அது ஒரு வாய்ப்பாகக் கணக்கிடப்படும். பொதுப்பிரிவினருக்கு 6 வாய்ப்புகள், பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 9 என்ற வரம்பு இருக்கிறது.

சென்னைக்குப் போய்விட்டால் கவனம் கூடுமா?

சிலருக்குக் கூடும், உடன் படிப்பவர்களைப் பார்த்து நேர ஒழுங்கு வரும். ஆனால் அறை வாடகை, உணவு, வீட்டுக்குப் பணம் கேட்கும் கூச்சம் ஆகியவை புதிய கவலைகளாக வந்து சேரும். கடன் வாங்கிப் போவதற்குமுன் அரசு வழிகளைப் பாருங்கள். சென்னையில் தமிழக அரசின் அகில இந்தியக் குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. மதுரையிலும் கோவையிலும் அண்ணா நூற்றாண்டுக் குடிமைப்பணிப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் கட்டணமில்லாமல் வகுப்பு நடத்துகின்றன. நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்துத் தெரிவு செய்யப்படும் ஆயிரம் பேருக்கு முதல்நிலைத் தயாரிப்புக்காக மாதம் 7,500 ரூபாய் தரும் ஏற்பாடு 2023இல் தொடங்கியது. 2023 ஜூலையில் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் காரைக்குடியிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. வாரம் ஒரு நாள் அங்கே போய் வருபவர்களுக்கு ஊரிலேயே இருந்து படிக்கும் சலிப்பும் குறைகிறது.

தேர்வு நாளன்று எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

நம் பக்கத்து மாணவர்கள் பெரும்பாலும் மதுரையையோ திருச்சியையோ மையமாகக் கேட்டு எழுதுகிறார்கள். முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்த் தேர்வுக்கூடத்தைப் பார்த்துவிடுங்கள். அதிகாலைப் பேருந்தை நம்பிக் கிளம்புவது, எழுதத் தொடங்குமுன்பே மனத்தைக் களைப்பாக்கிவிடும். யு.பி.எஸ்.சி. முதல்நிலையில் காலைத் தாள் 11:30 மணிக்கு முடிந்து, பிற்பகல் தாள் 2:30 மணிக்குத் தொடங்குகிறது. இடையிலிருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில், மரத்தடியில் கூடி நின்று காலை விடைகளை ஒப்பிடுவதுதான் பலரைக் கெடுக்கிறது. பிற்பகலில் வரும் சி-சாட் என்ற திறனறிவுத் தாளில் 200க்கு 33 விழுக்காடு, அதாவது சுமார் 66 மதிப்பெண்கள், பெறாவிட்டால் காலைத் தாளின் மதிப்பெண் தரவரிசைக்கே வராது. ஆகவே கூட்டத்திலிருந்து விலகிப் போய்த் தயிர்ச் சோறோ இட்லியோ அளவாகச் சாப்பிட்டு, கண்ணை மூடிச் சற்று நேரம் இருந்துவிட்டு, நேரத்தோடு கூடத்துக்குத் திரும்புங்கள். காலை விடைகளை வீட்டுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.